ஜாப் கார்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நாம் விட்டுவந்தபோது ஃபோர்மேனின் தங்கை வீட்டு வாசலில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாத தபால் அது. உறையின் மேல் இருந்தது அவள் கணவன் பெயர். ஆள் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

"அவர் இல்லைங்க" என்றாள்.

"எப்ப வருவாரு?" என்று கேட்டார் தபால்காரர். அவருக்கென்ன தெரியும் பாவம்.

தானே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நின்றபடியே பிரித்தாள். மூன்று தடவை படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் அப்போது பணிமனையில் இருந்தார். ஒரு கார் கம்பெனியின் பணிமனையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரும் அவரை ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை கார் வாங்கப் போகிறேன் என்றபோது, "வேற எதையும் பார்க்காதீங்க, எங்க கம்பெனி வண்டியை எடுங்க, நான் இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னவரும் அவர்தான்.

"அண்ணா, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு பாப்பா."

"உங்க கம்பெனியிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு, அவர் பேருக்கு. படிக்கறேன், கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் வாசித்தாள். "'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. தங்கள் வாகனத்தில் மிக அரிதாக, ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குச் சற்றே கூடுதல் முயற்சி தேவைப்படலாம். முன்னெச்சரிக்கையாக ஓர் உதிரிபாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம். தங்கள் வாகனத்தை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.'"

வாகனம் ஏற்கெனவே பணிமனையில்தான் கிடந்தது. பின்பக்கக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்தி, முன்பாதி நொறுங்கி.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சற்றே கூடுதல் முயற்சின்னா என்ன அண்ணா? ஸ்டீயரிங் இறுகிடுமா?"

ஃபோர்மேனின் பார்வை பின்பக்கக் கொட்டகைக்குப் போனது.

"அப்படின்னா..." அவள் குரல் இறங்கியது. "அப்படின்னா, என் போன் காரணம் இல்லையா அண்ணா?"

விபத்து நடந்த அன்று காலை எட்டேகால் மணிக்கு அவள் கணவனுக்குப் போன் செய்திருந்தாள். தலைபோகிற விஷயம் எதுவும் இல்லை. மோட்டார் ரூம் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில், திரும்ப வேண்டிய வண்டி திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது. எடுக்காத அந்த அழைப்பு செல்போனில் பதிவாகியிருந்தது. 'ஓட்டுநர் கைப்பேசியை எடுக்க முயன்றபோது கவனம் சிதறி' என்று போலீஸ் எழுதிவிட்டார்கள்.

மாமியார் அதைக் கேட்டார். "சாவி கேட்கறதுக்கு நேரம் பார்த்தியே" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகு மருமகளோடு பேசவே இல்லை. அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்த பிறகுதான் போய்த் தட்டை எடுப்பார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள், ஒரே ஆளுக்காகத் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

"சாயங்காலம் வரேன் பாப்பா" என்றார் ஃபோர்மேன். "அதுவரைக்கும் அந்தக் கடுதாசியை யார்கிட்டயும் காட்டாதே."

"அத்தைகிட்ட கூடவா?"

"அவங்ககிட்டயும்தான்."

போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். கிரீஸ் கை. துணியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், "தோல் வந்துடப் போவுது ஃபோர்மேன்" என்று சிரித்தான்.

பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். மெக்கானிக்குகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. எந்த வெயிலிலும் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது, பேச்சிலும் அப்படியே. கோபித்துப் பேசிக்கூட யாரும் பார்த்ததில்லை.

"உங்க குடும்பத்துக்கு நடந்தது ரொம்பப் பெரிய இழப்பு" என்று ஃபோர்மேனின் தோளைத் தொட்டார். "வாங்க, வண்டியை ஒரு பார்வை பார்த்துடலாம்."

தார்ப்பாயை விலக்கினார்கள். ஓட்டுநர் சீட்டின் கால்விரிப்பை இஸ்திரி தூக்கினார். அடியில் டார்ச் அடித்தார். எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுவே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்தான், கேட்கத்தான் ஆளில்லை.

விஷயம் இதுதான். ஏசியில் சொட்டுகிற தண்ணீர் வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. இந்த மாடலில் அந்தக் குழாய் கொஞ்சம் நழுவினால் போதும், தண்ணீர் கால்விரிப்புக்கு அடியில் இறங்கி, ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொடுக்கிற ப்ளக்கில் போய்த் தேங்கும். உடனே ஒன்றும் ஆகாது. ப்ளக் உள்ளுக்குள் பச்சை பிடித்து அரிக்கும். ஒருநாள், எச்சரிக்கை எதுவும் இல்லாமல், ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும்.

கம்பெனிக்கு இது தெரியும். தெரிந்து ஒன்பது மாதம் ஆகிறது. எல்லாப் பணிமனைக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது, உள் உபயோகத்துக்கு மட்டும் என்று தலைப்பில் போட்டு. அப்படி ஏதாவது வண்டி வந்தால் ப்ளக்கைக் காயவைத்து, புதிதாக வந்திருக்கும் மூடியைப் போடவும். வண்டிக்கு என்ன வேலை பார்த்தோம் என்று பதிகிற ஜாப் கார்டில் 'ஏசி தண்ணீர் ஒழுக்கு' என்று எழுதவும். ஸ்டீயரிங் என்ற சொல் வேண்டாம், வாடிக்கையாளருக்கு வீண் பீதி கூடாது. ஃபோர்மேன் அதைப் படித்தார், மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினார். மேலே சொல்கிறார்கள், செய்கிறோம் என்று இருந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை.

"இது என்ன?" என்றார் இஸ்திரி.

ப்ளக்கைச் சுற்றிக் கறுப்பு டேப். நேர்த்தியாக, ஒரே இறுக்கமாகச் சுற்றி, அடுத்த தடவை பிரிப்பவனுக்கு வசதியாக நுனியை மட்டும் மடித்து விட்டிருந்தது. அந்தப் பணிமனையில் அப்படி நுனி மடிப்பவர் ஒரே ஒருவர்தான்.

"நம்ம முறைப்படி இங்க டேப் சுத்தறதே கிடையாது, மூடிதான் போடணும். யாரோ வெளி மெக்கானிக் கை வெச்சிருக்கான்" என்றார் இஸ்திரி. போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஃபோர்மேன் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விபத்துக்குப் பதினாறு நாள் முன்னால், மாப்பிள்ளை வண்டியோடு வந்தார். "மச்சான், நேத்து திரும்பறப்போ ஸ்டீயரிங் ஒரு நொடி பிடிச்ச மாதிரி இருந்தது. என் பிரமையோ என்னவோ." பணிமனைக்கு விடுமுறை. சாவி ஃபோர்மேனிடம் இருந்தது. வீட்டு வண்டிகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பார்ப்பது அங்கே எல்லாரும் செய்கிற வழக்கம்தான். வீட்டு வண்டிக்கு ஜாப் கார்டு போடுவதில்லை என்பதும் வழக்கம். சொந்தத் தங்கை புருஷனிடம் போய்க் கார்டில் கையெழுத்துக் கேட்பது, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ரசீது நீட்டுகிற மாதிரி.

விரிப்பைத் தூக்கினார், பச்சையைப் பார்த்தார். சுரண்டி, காற்றடித்துக் காயவைத்து, கிரீஸ் தடவி, டேப் சுற்றினார். புது மூடி அன்று கைவசம் இல்லை. "வந்ததும் மாத்திடறேன்" என்றார்.

எட்டு நாள் கழித்து நான்கு மூடி வந்தது. கார்டு எண்படிதான் மூடி கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கார்டு போட்ட வண்டி சரியாக நான்கு இருந்தது. நான்கு பேருக்கும் ஃபோர்மேன் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தார். நம்ம வண்டிதானே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். முன்பின் தெரியாத நான்கு பேர் இன்றைக்கும் அந்த மூடியோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும்.

மேனேஜர் அறையில் இஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினார். 'மேற்படி வாகனம் ஸ்டீயரிங் தொடர்பான எந்தப் புகாருக்காகவும் இப்பணிமனைக்கு வந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.' கீழே ஃபோர்மேனின் பெயர் ஏற்கெனவே தட்டச்சு ஆகியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன்" என்றார் இஸ்திரி. "இந்த வண்டி மூணு தடவை வந்திருக்கு. மூணும் ஆயில் மாத்த. ஸ்டீயரிங்னு ஒரு வார்த்தை எங்கயும் இல்லை."

எழுதாதே என்று சொன்னவர்களே ஏன் எழுதவில்லை என்று கேட்கிற நியாயத்தை என்னவென்று சொல்வது!

"சார், எல்லாருக்கும் இப்பதான் கடுதாசி போயிருக்கே, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி..."

"அது முன்னெச்சரிக்கை. நம்ம நல்ல மனசு." இஸ்திரி குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்க. போனை எடுக்கப் போய் நடந்த விபத்துன்னு போலீஸே எழுதிட்டாங்க. இல்லைன்னு யாராவது கிளம்பினா, வெளி ஆள் கை வெச்ச வண்டின்னு ஆயிடும். ரெண்டுல எதுவானாலும் கம்பெனி பொறுப்பாகாது. நீங்க இறந்தவரோட சொந்த மச்சான். நீங்களே எழுதிக் கொடுத்துட்டா அதுக்கு மேல யார் பேசப் போறா? இந்தத் துக்கத்துல உங்க தங்கச்சியை எதுக்குக் கோர்ட்டு கேஸுன்னு அலையவிடணும்?"

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? உண்மையைத்தானே எழுதறீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள கொடுத்துடுங்க."

உண்மைதான். புகார் என்று எதுவும் வரவில்லை. மாப்பிள்ளைதான் வந்தார்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. வாயைத் திறந்தால் டேப் சுற்றிய கைக்கு விலங்கு. திறக்காவிட்டால் தங்கை காலம் முழுக்க அந்தப் போனைச் சுமப்பாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்று எத்தனை தடவை விளையாட்டாகச் சொல்லியிருப்பார்! அது எப்படிச் சுடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்தரை மணிக்குப் பஸ்ஸில் ஏறினார். போகிற வழியில் ஒரு திட்டம் தயாரானது. பாதியைச் சொல்லலாம். கம்பெனி தப்பு என்று சொல்லலாம், போன் இல்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டியதில்லை. தங்கை மனசு ஆறும், அது போதாதா? மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வேறு ஆள் எதற்கு?

கதவைத் திறந்த தங்கையைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. தலை வாரியிருந்தாள், துவைத்த புடவை கட்டியிருந்தாள். நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. கடுதாசியைக் கையிலேயே வைத்திருந்தாள். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"மத்தியானம் சாப்பிட்டேன் அண்ணா" என்றாள், கேட்காமலே. "ரொம்ப நாளைக்கு அப்புறம் பசிச்சுது."

மாமியாரின் அறைக்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

ஃபோர்மேன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "பாப்பா, அந்த வண்டியில ஒரு குறை இருக்கு. ஸ்டீயரிங் ப்ளக்ல தண்ணி இறங்கி இறுகிடும். அன்னிக்கு அதான் நடந்திருக்கு. உன் போன் இல்லை."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அழுத அழுகை வேறு, இது வேறு. ஃபோர்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, வெறுமனே கேட்டாள்.

"ஏன் அண்ணா, அந்த ஞாயித்துக்கிழமை நீங்க ஏசி தண்ணி ஒழுகுதுன்னு வண்டியைப் பார்த்தீங்களே, அப்ப இது உங்க கண்ணுல படலையா?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவள் நம்பியிருப்பாள். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. அதனாலேயே அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"பட்டது" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றறிக்கை, பச்சை பிடித்த ப்ளக், டேப், போடாத கார்டு, வேறு யார் யாருக்கோ போன நான்கு மூடி. சட்டைப் பையிலிருந்த காகிதத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஸ்டீயரிங் கோளாறுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்கிட்ட ஏன் ஏசி தண்ணின்னு சொன்னார்?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பாகிட்ட ஸ்டீயரிங்னு சொல்லாதீங்க, பயந்துடுவா, ஏசி தண்ணின்னு சொல்லிடுங்கன்னு."

அவள் கையிலிருந்த கடுதாசியை மறுபடியும் மடித்தாள். தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அன்னிக்கு ராத்திரி அவர் எவ்வளவு நிம்மதியா இருந்தார் தெரியுமா? மச்சான் கை வெச்சாச்சு, இனிமே பத்து வருஷத்துக்குக் கவலை இல்லைன்னார்." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவருக்குத் தாங்க முடிந்திருக்கும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. நீங்க அதைச் சரிபண்ற வரைக்கும் அவரை பஸ்ல போகச் சொல்லியிருப்பேனே. வாசல்லயே நிக்குது எட்டு மணி பஸ்."

ஃபோர்மேன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை இறந்த அன்றுகூடத் தங்கைக்கு முன்னால் அவர் அழவில்லை. பெரியவன் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர். தங்கை எழுந்து வந்து தேற்றவில்லை. எழுந்து மாமியாரின் அறை வாசலுக்குப் போனாள்.

"அத்தை, கொஞ்சம் வெளியே வர்றீங்களா?"

கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"என் போன் இல்லையாம் அத்தை. அண்ணன் சொல்றார். வந்து கேளுங்க."

ஃபேன் நின்றது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மருமகளைத் தாண்டி நேரே ஃபோர்மேனிடம் வந்து எதிரே உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் முகம் கொடுத்துப் பேசுகிற ஆள் இவர் ஒருவர்தான்.

"ஏம்ப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? நீயே இப்படி உடைஞ்சு போனா எப்படி? உன்னை நம்பித்தானே இருக்கோம்" என்றார்.

ஃபோர்மேன் தங்கையைப் பார்த்தார். அவள் கதவில் சாய்ந்து நின்றாள், உதவிக்கு வரவில்லை.

"அம்மா" என்று ஆரம்பித்தார். "அந்த வண்டி, விபத்துக்குப் பதினாறு நாள் முன்னாடி என்கிட்ட வந்தது."

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. எதிரே இருப்பவர் பெற்றவர். எதையும் விடாமல் சொன்னார். டேப் சுற்றியதைச் சொல்லும்போது விரல்கள் தாமாகச் சுற்றிக் காட்டின. கவனித்ததும் கையை மடியில் இறக்கிக்கொண்டார்.

மாமியார் அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் அண்ணாந்து மருமகளைப் பார்த்தார். பக்கத்துக் காலி நாற்காலியைக் கையால் தட்டினார். நாற்பத்து மூன்று நாளாக எட்டிப் பார்க்காத அந்தப் பக்கம் தங்கை வந்து உட்கார்ந்தாள். கிழவியின் கை அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது, விடவே இல்லை.

அப்புறம் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். காகிதத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு" என்றார், "இதுல என்ன எழுதப் போறீங்க?"